கரையில் நின்று கடலின் மேல்நீரைக் கணிப்பது எப்படி

ஜூன் மாத மதியம், சென்னையில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்க் காலை நனைத்துப் பாருங்கள். சில நாட்களில் தண்ணீர் மண்பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கும். அதே இடத்தில் நவம்பர் கடைசியில், வானம் மூடிக்கொண்டு தூறல் விழும்போது இறங்கினால் மழைதான் குளிரும், கடல் வெதுவெதுவென்று இருக்கும். முதல் தடவை இதைக் கவனித்தபோது என் கால்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். மீன்தொட்டிக்கு வாங்கிவைத்திருந்த வெப்பமானியை எடுத்துப்போய் அளந்து பார்த்தேன். கால் சொன்னது சரிதான்.

அதிலிருந்து பிடித்த பழக்கம் இது. காற்று எப்படி அடித்தது, வெயிலா மழையா என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, கடலின் மேல்பகுதி, அதாவது மேலே உள்ள ஐம்பது மீட்டர் சொச்சம், எந்தப் பக்கம் நகர்கிறது, கலங்குகிறதா, அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறுகிறதா என்று ஊகிப்பது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு மலிவான வெப்பமானி, அப்புறம் ஒரு ஆரஞ்சுப் பழம். பழம் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். நான் வங்கக்கடலை, அதிலும் சென்னைக் கரையை வைத்தே சொல்லப்போகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அதுதான்.

முதலில் மூன்று நாள் காற்று

எல்லோரும் செய்கிற தப்பு, இப்போது காற்று எப்படி அடிக்கிறது என்று மட்டும் பார்ப்பது. கடல் கனமானது, மெதுவானது. அதற்கு மேல் இருக்கிற மொத்தக் காற்று மண்டலத்தையும் ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, கிட்டத்தட்ட அதே வெப்பம் கடலின் மேல் இரண்டரை, மூன்று மீட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கவே செலவாகிவிடும். அப்படிப்பட்ட பொருளை ஒரு மணி நேரக் காற்று என்ன செய்துவிடும்? மேல்தோலைச் சுருக்கும், அவ்வளவுதான்.

எத்தனை நாள் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. காற்று தள்ளிவிட்டு நின்றுபோனாலும் தண்ணீர் உடனே நிற்காது. பூமியின் சுழற்சியால் வலப்பக்கமாக வளைந்து வளைந்து ஒரு வட்டம் போடும். அந்த வட்டத்தை முடிக்க எடுக்கும் நேரம் நீங்கள் இருக்கும் அட்சரேகையைப் பொறுத்தது: 12 மணி நேரத்தை அட்சரேகையின் சைன் மதிப்பால் வகுத்தால் தோராயமாகக் கிடைத்துவிடும். சென்னை 13 டிகிரியில் இருக்கிறது, அதனால் சுமார் 53 மணி நேரம். கன்னியாகுமரி 8 டிகிரி, அங்கே 85 மணி நேரம், மூன்றரை நாள். ஆக, பூமி சுற்றுவதைக் கடல் 'உணர்ந்து' காற்றுக்குப் பதில் சொல்வதற்கே இரண்டு மூன்று நாள் ஆகிறது. அதனால்தான் என் நோட்டில் எப்போதும் மூன்று நாள் காற்றை எழுதிவைக்கிறேன்.

மதியம் வருகிற கடற்காற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது நாலைந்து மணி நேரம் அடிக்கும், மேலே மிதக்கும் குப்பையைக் கரைக்கு ஒதுக்கும், இரவில் ஓய்ந்துவிடும். 53 மணி நேரக் கடிகாரத்தில் அது ஒரு தும்மல். (30 டிகிரி அட்சரேகைப் பக்கம் வசிப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே வட்டத்தின் நேரமே 24 மணி, கடற்காற்று தினமும் சரியான நேரத்தில் ஊஞ்சலைத் தள்ளுவது மாதிரி தண்ணீரை ஆட்டிவிடும்.)

வின்டி மாதிரி எந்த வானிலைச் செயலியைத் திறந்தாலும் திசை, வேகம் இரண்டும் கிடைக்கும். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டராவது தள்ளி, நடுக்கடலில் விரலை வைத்துப் பார்த்து எழுதுங்கள். ஊருக்குள் வீசும் காற்றைக் கட்டடங்கள் கெடுத்து வைத்திருக்கும். இங்கே ஒரு குழி இருக்கிறது, நானும் அதில் விழுந்திருக்கிறேன்: காற்றுக்கு அது வரும் திசையை வைத்துப் பெயர், நீரோட்டத்துக்கு அது போகும் திசையை வைத்துப் பெயர். 'வடகிழக்குக் காற்று' என்றால் வடகிழக்கிலிருந்து வருவது, 'தெற்கு நீரோட்டம்' என்றால் தெற்கே போவது. புத்தகக்காரர்கள் ஏன் இப்படி வைத்தார்களோ. மீனவர்கள் இந்த விஷயத்தில் தெளிவு. சென்னைப் பக்கத்தில் நீரோட்டத்தை 'வெள்ளம்' என்பார்கள், தெற்கே 'நீவாடு' என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி வெள்ளம், தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி வெள்ளம். வாடைக் காற்று வடக்கிலிருந்து வருகிறது, வன்னியும் வடக்கிலிருந்து வருகிறது. குழப்பமே இல்லை. இனி நானும் அந்தப் பெயர்களையே எழுதுகிறேன்.

வேகத்தைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அது தண்ணீரைத் தள்ளும் விசை நாலு மடங்காகும், கலக்குவதற்குக் கிடைக்கும் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகும். அதனால் மூன்று நாள் சராசரி என்று போட்டு ஏமாறாதீர்கள். இரண்டு நாள் 15 கிலோமீட்டர் வேகத்தில் சும்மா வீசிவிட்டு ஒரு ராத்திரி 45-ல் அடித்திருந்தால், அந்த ஒரு ராத்திரிதான் கடலைக் கலக்கியிருக்கும்.

முதுகைக் காட்டி வலது கையை நீட்டுங்கள்

மூன்று நாள் காற்று ஒரே பக்கமிருந்து வந்திருந்தால் அடுத்த வேலை சுலபம். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், வலது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டுங்கள். மேல்கடல் மொத்தமாக நகர்வது உங்கள் கை காட்டும் பக்கம். முகம் பார்க்கும் பக்கம் அல்ல!

இதை நம்ப எனக்கே கொஞ்ச நாள் பிடித்தது. நான்சென் என்கிற நார்வேக்காரர் 1893 முதல் 1896 வரை ஃபிராம் என்ற கப்பலை ஆர்க்டிக் பனிக்குள் வேண்டுமென்றே சிக்கவைத்து மிதக்கவிட்டார். பனிக்கட்டி காற்றடிக்கும் திசையிலேயே போகாமல் 20 முதல் 40 டிகிரி வலப்பக்கம் விலகிப் போவதை அவர் கவனித்தார். காரணத்தைக் கணக்காகப் போட்டுக் காட்டியவர் எக்மன் என்கிற ஸ்வீடன்காரர், 1905-ல் அவருடைய கட்டுரை வந்தது. காற்று மேல்நீரைத் தள்ளுகிறது, பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்புகிறது. மேல்நீர் தனக்கு அடியில் உள்ள நீரை இழுக்கிறது, அது இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்புகிறது. இப்படியே படிப்படியாக ஒரு சுருள்படிக்கட்டு மாதிரி கீழே இறங்கி, வேகம் குறைந்து, தேய்ந்துபோகிறது. எக்மன் கணக்குப்படி மேற்பரப்பு நீர் காற்றுக்கு 45 டிகிரி வலப்பக்கம் போக வேண்டும். நிஜக் கடலில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் திரும்பும். ஆனால் எல்லாப் படிகளையும் கூட்டினால் மொத்த நீர் போவது செங்குத்தாக வலப்பக்கம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இடது கை. ரேகையின் மேலேயே நின்றால் எந்தக் கையும் உதவாது.

இப்போது கையைக் கரையோடு பொருத்துங்கள். சென்னைக் கரை கிட்டத்தட்ட நேர் வடக்குத் தெற்கு. ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று. முதுகைக் காட்டினால் முகம் வடகிழக்கு, வலது கை தென்கிழக்கு, அதாவது கடலுக்குள். மேல்நீர் கரையை விட்டு விலகுகிறது, காலியான இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. அதுதான் உங்கள் காலில் பட்ட பானைத் தண்ணீர். நவம்பரில் வடகிழக்குக் காற்று, முகம் தென்மேற்கு, வலது கை வடமேற்கு, கரைப்பக்கம். சூடான மேல்நீர் கரையில் வந்து குவிகிறது, குளிர்ந்த நீர் கீழே அமுங்குகிறது, கடல் மட்டமும் கொஞ்சம் ஏறுகிறது.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு தரம் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று கரையை ஒட்டி விடாமல் அடித்தால், சென்னை அட்சரேகையில் கரையின் ஒவ்வொரு மீட்டருக்கும் நொடிக்கு சுமார் 4 கன மீட்டர் நீர் நகர்கிறது. நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணி லாரி இருக்கிறதே, மூன்று நொடிக்கு ஒரு லாரி, அதுவும் ஒரே ஒரு மீட்டர் அகலத்தில். மெரினா நீளத்துக்குக் கணக்குப் போடுவதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

இதே வித்தை கன்னியாகுமரியின் மேற்குக் கரையிலும் கேரளத்திலும் இன்னும் பலமாக நடக்கிறது. அங்கே பருவமழைக் காலத்தில் காற்று கரையை ஒட்டி வடமேற்கிலிருந்து சாய்ந்து வரும். முதுகைக் காட்டி நின்றால் வலது கை அரபிக்கடலைக் காட்டும். அடியிலிருந்து ஏறும் நீரில் உரச்சத்துகள் நிறைய, அதைத் தின்று நுண்பாசி பெருகுகிறது, பாசியைத் தின்னச் சாளை மீன் வருகிறது. சாளையின் விலைக்கும் ஜூன் மாதக் காற்றின் திசைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று மீன் சந்தையில் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் இருக்கிறது. உலகத்திலேயே இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலையில் சோமாலியாக் கரையின் வெப்பப் படத்தைத் திறந்து பாருங்கள். பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கத்தில், கோடையில், 20 டிகிரியை ஒட்டிய தண்ணீர்.

மூடி இருக்கிறதா என்று பாருங்கள்

காற்றை மட்டும் வைத்துக் கணித்தால் பாதி நாள் தோற்றுப்போவீர்கள். இதைச் சரியாகப் புரிந்துகொள்ள நான் செய்த ஒரு சமையலறைச் சோதனையைச் சொல்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள், அரை மணி நேர வேலை.

நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மீன்தொட்டி நல்லது. ஒரு லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்பைக் கரைத்து, இரண்டு மூன்று சொட்டு உஜாலா விட்டு, அந்த நீல நீரைத் தொட்டியில் பாதி உயரத்துக்கு ஊற்றுங்கள். ஆடி அடங்கட்டும். பிறகு ஒரு குழிக்கரண்டியை நீர்மட்டத்தில் வைத்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரை அதன் மேல் மெதுவாக, ரசம் தெளிய ஊற்றுவது போல ஊற்றுங்கள். அவசரப்பட்டால் கலங்கிவிடும், எனக்கு முதல் இரண்டு தடவை கலங்கித்தான் போனது. சரியாக வந்தால் கீழே நீலம், மேலே தெளிவு, நடுவில் கத்தியால் வெட்டினது போல் ஒரு கோடு. இப்போது ஒரு ஓரத்திலிருந்து டேபிள் ஃபேனை வையுங்கள்.

மேல்நீர் ஓடி எதிர் ஓரத்தில் குவியும். அந்தப் பக்கம் கோடு கீழே இறங்கும், ஃபேன் இருக்கும் பக்கம் நீல நீர் மேலே ஏறி வரும். கரையோரம் குளிர்ந்த நீர் ஏறுவதன் சின்ன வடிவம் அது. (தொட்டிக்குப் பூமியின் சுழற்சி தெரியாது, அதனால் வலப்பக்கத் திருப்பம் இருக்காது.) ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது அது அல்ல. பத்து நிமிடம் ஃபேன் ஓடினாலும் கோடு அழியாது. சாயும், அலையும், விளிம்பில் கொஞ்சம் புகை மாதிரி நீலம் பிரியும், ஆனால் மேல்நீர் மேல்நீராகவே இருக்கும். தொட்டியைக் கழுவிவிட்டு, உப்பே போடாமல் முழுக்க ஒரே தண்ணீர் ஊற்றி, அடியில் குழாய் வழியாக இரண்டு சொட்டு உஜாலா விட்டு அதே ஃபேனை வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தொட்டி முழுவதும் நீலம்.

வங்கக்கடல் முதல் தொட்டி. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் இங்கேதான் வந்து கொட்டுகின்றன, மழையும் இங்கே அதிகம். மேலே லேசான நன்னீர் கலந்த ஒரு மூடி. காற்று எவ்வளவு உழுதாலும் அந்த மூடிக்குக் கீழே இறங்கக் கஷ்டப்படும். அரபிக்கடலில் பெரிய ஆறுகள் குறைவு, ஆவியாகிப் போவது அதிகம், உப்பு அதிகம். மூடி பலவீனமானது. ஜூலையில் அரபிக்கடலின் நடுவே அந்தப் பலத்த தென்மேற்குக் காற்று மேல்நீரை எண்பது, நூறு மீட்டர் ஆழம் வரைகூடக் கலக்கிவிடுகிறது, கடல் குளிர்கிறது. அதே மாதத்தில் வங்கக்கடலின் வடபகுதி மெல்லிய மூடியோடு 28 டிகிரிக்கு மேல் சூடாகவே கிடக்கிறது.

ஆகவே நோட்டில் காற்றுக்குப் பக்கத்தில் 'மூடி' என்று ஒரு கட்டம் போடுங்கள். மூடியை உண்டாக்குவது மூன்று: மழை, ஆற்று வெள்ளம், வெயில். முதல் இரண்டு புரிந்திருக்கும். வெயில் எப்படி என்றால், காற்றில்லாத தெளிந்த நாளில் மேலே ஒன்றிரண்டு மீட்டர் மட்டும் சூடாகி லேசாகி மிதக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு உச்சம். படகில் போய் மேலே அளந்தால், கீழே இருப்பதைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக இருக்கும். ராத்திரி அந்த மேல்நீர் குளிர்ந்து கனமாகி இறங்கும், அதன் இடத்துக்கு வேறு நீர் வரும், காற்றே இல்லாமல் தானாகக் கலக்கும். அதனால் மாலையில் எடுத்த வெப்பநிலையையும் விடியற்காலையில் எடுத்ததையும் ஒன்றாகப் போட்டு ஒப்பிடாதீர்கள். நான் விடியற்காலை அளவையே நம்புகிறேன். முழங்காலளவு நீரில் வேண்டாம், ஆழமில்லாத நீர் பகலில் சீக்கிரம் சூடேறும், ராத்திரி சீக்கிரம் குளிரும். வாளியைக் கட்டி வீச ஒரு தூண்டில் வளைவோ படகோ கிடைத்தால் நல்லது.

குளிர்காலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. வங்கக்கடலின் வடக்கில் அந்த நன்னீர் மூடி, உலர்ந்த வாடைக் காற்றில் குளிர்ந்துவிடும், ஆனால் லேசாக இருப்பதால் இறங்காது. அடியில் உள்ள உப்பு நீர் அதைவிடச் சூடாக இருக்கும். அப்போது பலத்த காற்று வந்து கலக்கினால் மேற்பரப்பு குளிர்வதற்குப் பதிலாகச் சூடாகும். கலக்கினால் குளிரும் என்று மனப்பாடம் செய்தவர்கள் எல்லாம் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

புயல் வந்தால் மூடியின் அருமை இன்னும் தெரியும். புயலின் நடுவே காற்று சுழல்கிறது, எல்லாப் பக்கமும் வலப்பக்க விதிப்படி நீர் வெளியே போகிறது, நடுவில் அடிநீர் ஏறுகிறது. இதோடு கலக்கலும் சேர, புயல் போன பாதையில் ஒரு குளிர்ந்த தடம் விழும். பாதையின் வலப்பக்கம்தான் குளிர் அதிகம், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் காற்று வலஞ்சுழியாகத் திரும்பிக்கொண்டே போகிறது, தண்ணீரும் வலஞ்சுழியாகத்தான் வட்டம் போடும், இரண்டும் ஒத்துப்போய் வேகம் ஏறுகிறது. மெதுவாக நகரும் புயல் தன் காலடியையே குளிரவைத்துத் தன் தீனியான சூட்டைக் கெடுத்துக்கொள்ளும். ஆனால் மழைக்காலம் முடிந்த அக்டோபர், நவம்பரில், வடக்கு வங்கக்கடலில் மூடி தடித்துக் கிடக்கும்போது, புயல் எவ்வளவு உழுதாலும் மேற்பரப்பு அதிகம் குளிர்வதில்லை. தீனி குறையாது. மே மாதப் புயல் இந்த விஷயத்தில் வேறு, அப்போது மூடி மெலிந்திருக்கும், தடம் நன்றாக விழும். புயல் போன மறுவாரம் மேற்பரப்பு வெப்பப் படத்தைத் திறந்து பாதையின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கண்ணால் சரிபார்க்க

காற்று மணிக்கு 12, 15 கிலோமீட்டரைத் தாண்டினால் ஆங்காங்கே வெள்ளை நுரை பூக்கும். 20-ஐத் தாண்டினால் பூ நிறையத் தெரியும். அப்போது மெரினா கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறிப் பார்த்தால், நுரையும் குப்பையும் காற்றின் திசையிலேயே, உழுத வயலின் சால் மாதிரி, இணையிணையாக நீளக் கோடுகளாகக் கிடக்கும். கோட்டில் நீர் கீழே இறங்குகிறது, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஏறுகிறது. உருண்டு உருண்டு ஓடும் நீர்ச்சுருள்கள். 1927-ல் அட்லாண்டிக்கைக் கடக்கும்போது சர்காசோ கடலில் பாசி இப்படி வரிசை கட்டியிருப்பதைக் கப்பலில் இருந்து பார்த்துவிட்டு, ஏன் என்று யோசித்து 1938-ல் எழுதியவர் லாங்மியூர். அவர் கடல் ஆள் இல்லை, வேதியியலுக்கு நோபல் வாங்கியவர். சால்கள் தெரிந்தால் மேல்நீர் கலங்குகிறது என்று தைரியமாக எழுதலாம். ஒரே ஒரு கோடு, அதன் இரண்டு பக்கமும் வேறு வேறு நிறம் என்றால் அது இது அல்ல, அடையாற்று முகத்துவாரம் மாதிரி இடத்தில் ஆற்று நீரும் கடல் நீரும் முட்டும் எல்லை.

இப்போது அந்த ஆரஞ்சு. துறைமுகத்தின் கல்கரை, படகு என்று அலை உடையும் இடத்தைத் தாண்டி எங்காவது நின்று போடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், குப்பை என்பதோடு அது நீருக்கு மேலே துருத்திக்கொண்டு காற்றிலேயே ஓடும். ஆரஞ்சு முக்கால்வாசி அமுங்கி மிதக்கும், அதனால் தண்ணீரின் வேகத்தைச் சொல்லும். ஒரு நிமிடத்தில் 20 மீட்டர் போனால் மணிக்கு 1.2 கிலோமீட்டர். காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு வேகத்தில் மேல்தோல் ஓடும் என்பது பழைய கைக்கணக்கு, 36 கிலோமீட்டர் காற்றுக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம். அளந்தது இதற்குப் பக்கத்தில் இருந்தால் காற்றுதான் ஓட்டுகிறது. ரொம்ப அதிகமாக இருந்தால் வேறு ஏதோ ஓட்டுகிறது. அலை உடையும் இடத்துக்குள் பழத்தைப் போட்டால் அது அலையின் கதையைத்தான் சொல்லும்.

2017 ஜனவரி 28-ல் எண்ணூரை ஒட்டி இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அது தெற்கே வந்து மெரினா, பெசன்ட் நகர் என்று ஒதுங்கியது, வாளியால் அள்ளினார்கள். வாடைக் காலத்து வன்னி, கூடவே கரைப்பக்கம் தள்ளும் காற்று. முதுகைக் காட்டிக் கையை நீட்டினால் அதே பதில்தான் வரும்.

கணக்கு எங்கே பொய்க்கும்

காசிமேட்டிலிருந்து ஒரு தடவை ஃபைபர் படகில் போயிருந்தேன், மார்ச் மாதம், கடல் கண்ணாடி மாதிரி. காற்று பெயருக்குத்தான் இருந்தது. என் நோட்டின்படி வெள்ளமே இருக்கக் கூடாது. படகை ஓட்டிய அண்ணன், அறுபது வயதிருக்கும், ஈயக் குண்டு கட்டிய தங்கூசியை, அதாவது தூண்டில் நைலான் கயிற்றை, இறக்கினார். கயிறு நேராக இறங்கவில்லை, வில் மாதிரி வளைந்து வடக்கே இழுத்துக்கொண்டு போனது. விரலில் அதைத் தாங்கிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"தெண்டி பலமா போவுது தம்பி. அடியில கொஞ்சம் சும்மா கீது."

"காத்தே இல்லையே அண்ணா, எப்படி?"

"மாசி பங்குனில தெண்டிதான். அதுக்குக் காத்து எதுக்கு?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. பிப்ரவரியிலிருந்து மே வரை இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே பலமாக ஒரு நீரோட்டம் ஓடுகிறது, மார்ச், ஏப்ரலில் உச்சம். அதை ஓட்டுவது பெரும்பாலும் சென்னையில் வீசும் காற்று அல்ல, மொத்த வங்கக்கடலின் மேலும் வீசும் காற்றின் சுழிப்பு. இன்னொன்றும் உண்டு: ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பூமத்திய ரேகையை ஒட்டி மேற்குக் காற்று அடித்து, கிழக்கே ஒரு வேகமான ஓட்டத்தைக் கிளப்புகிறது. 1973-ல் விர்ட்கி என்பவர் எழுதியதால் அவர் பெயரே அதற்கு. அந்த நீர் சுமத்ரா கரையில் முட்டி, அங்கிருந்து ஒரு நீண்ட மெதுவான அலை, கண்ணுக்கே தெரியாத அலை, கரையைப் பிடித்துக்கொண்டு மியான்மர், வங்கதேசம், ஒடிசா என்று வங்கக்கடலைச் சுற்றி நம் கரைக்கும் வந்து சேருகிறது. எங்கோ அடித்த காற்று, இங்கே வாரங்கள் கழித்து வெள்ளம். வடகிழக்குப் பருவக்காற்று ஊன்றுவதற்கு முன்பே வன்னி தொடங்கிவிடுவதற்கும் இதுபோன்ற தூரத்துக் காரணங்கள் உண்டு.

செயலியில் நீரோட்டத்துக்கு என்று வண்ண அம்புகள் ஓடும், பார்க்க அழகு. அவற்றில் பெரும்பாலானவை கணினி போட்ட கணக்கு, யாரும் அங்கே போய் அளந்தது இல்லை. அளந்த தகவல் வேண்டுமென்றால் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையத்தின் தளத்தைப் பாருங்கள். சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கல்பாக்கத்திலும் கடலூரிலும் ரேடார் வைத்துக் கரையோர வெள்ளத்தை அளக்கிறது, நடுக்கடலில் மிதவைகளையும் நிறுத்தியிருக்கிறது. அம்பு ஒன்று சொல்லி, மிதவை வேறு சொன்னால் நான் மிதவை பக்கம். இன்னொன்று, கரையில் இறங்கிக் குளிப்பவர்களை இழுத்துக்கொண்டு போகும் ஓட்டம் அலையால் உண்டாவது. இந்தக் கணக்கு எதுவும் அதற்கு உதவாது, எச்சரிக்கைக் கொடி பறந்தால் இறங்காதீர்கள்.

ஆகவே நோட்டில் காற்றுக்கு ஒரு கட்டம், மூடிக்கு ஒரு கட்டம், விடியற்காலை வெப்பநிலைக்கு ஒரு கட்டம், வெள்ளத்துக்கு ஒரு கட்டம். கடைசிக் கட்டத்தை ஊகத்தால் நிரப்பாதீர்கள். ஊகத்தைப் பென்சிலில் ஓரமாக எழுதிவிட்டு, ஆரஞ்சு போட்டோ, படகுக்காரரைக் கேட்டோ தெரிந்ததை மட்டும் பேனாவில் எழுதுங்கள். என் மார்ச் மாதப் பக்கங்களில் பென்சிலுக்கும் பேனாவுக்கும் இன்னமும் ஒத்துப்போவதில்லை.